ஸில்மியா கண்டுபிடித்த நிலநடுக்கம்

ஏறாவூரில் இறங்கி "ஸில்மியாவின் வீடு எது?" என்று கேட்டால் எந்த ஸில்மியா என்று திருப்பிக் கேட்பார்கள். "சுனாமி ஸில்மியா" என்று சொல்லிப் பாருங்கள். ஆட்டோக்காரர் வேறு கேள்வி கேட்காமல் வாசலிலேயே கொண்டுவந்து இறக்கிவிடுவார். இறக்கிவிட்டுச் சிரித்துக்கொண்டே போவார். அந்தச் சிரிப்பைத் தாங்கிக்கொண்டுதான் அவள் பல வருடமாகக் கடை நடத்துகிறாள்.

கடை என்றால் வீட்டின் முன்னறைதான். ஒரு போட்டோ கொப்பி இயந்திரம், ஒரு கண்ணாடி மேசை, பேனை, கவராயம், கோந்து. வந்தாறுமூலைக் கெம்பஸ் பிள்ளைகளும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பாடக்குறிப்புகளைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். இயந்திரம் பக்கம் பக்கமாகத் துப்பும்போது ஸில்மியா ஒவ்வொரு பக்கமாக வாசிப்பாள். அப்படி வாசித்து வாசித்து அவளுக்குப் பூமி விஞ்ஞானத்தில் நல்ல அறிவு உண்டு. ஆனால் பிள்ளைகள் பரீட்சைக்கு வரும் பக்கங்களை மட்டுமே கொப்பி எடுப்பதால் அந்த அறிவில் பெரிய பெரிய ஓட்டைகளும் உண்டு. பூமியின் ஓடு அவளுக்குத் தெரியும், அதற்குக் கீழே மூடகம் இருப்பது தெரியும். அதற்கும் கீழே உள்ள பக்கத்தை யாரும் கொண்டுவரவில்லை. ஆகவே ஸில்மியாவின் பூமிக்குள் நடுவில் ஒன்றுமே கிடையாது. அதைப் பற்றி அவள் கவலைப்பட்டதும் இல்லை.

அவள் வீடு மூன்று சகோதரிகளின் வளவில் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு. மாப்பிள்ளை உடுப்புப் பையோடு வந்து சேருவார். மூத்தவள் ஸாதியா, நடு ஸில்மியா, இளையவள் சபீனா. மூவருக்கும் வாப்பா ஒரே வளவுக்குள் மூன்று வீடு கட்டிக் கொடுத்தார். வளவு ஒரு காலத்தில் ஆற்றோரத்துப் பள்ளம், மண்ணும் உடைந்த கல்லும் கொட்டி நிரப்பிய இடம். இப்போது ஸாதியா தன் மகள் இன்ஷிராவுக்காக நடுவில் நாலாவது வீடு ஒன்றும் கட்டிக்கொண்டிருக்கிறாள். சுவர் எழும்பிவிட்டது, கூரை இல்லை. புதுச் சுவர் காயாமல் இருக்கத் தினமும் பின்னேரம் தண்ணீர் விட வேண்டும். அந்த வேலையை, யாரும் கேட்காமலே, ஸில்மியாவின் கணவர் ஹமீட் ஏற்றுக்கொண்டார். கட்டாரில் சமையல்காரராக இருந்துவிட்டு வயிறும் தானுமாகத் திரும்பி வந்த மனிதர். இப்போது சந்தையில் துணிக்கடை. வாய் திறந்து நாலு வார்த்தை சேர்த்துப் பேசினால் அன்றைக்கு மழை வரும்.

இனி அந்தப் பேர் வந்த கதை. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

பல வருடங்களுக்கு முன்பு ஒரு தை மாதம். அடைமழை விட்டு வெயில் வந்திருந்தது. ஸில்மியா இறால் வாங்க ஆற்றங்கரைக்குப் போனாள். நாங்கள் ஆறு என்று சொல்வது கடலில் போய்ச் சேருகிற வாவியைத்தான். போனால், நேற்று வரை தண்ணீர் நின்ற இடத்தில் சேறு. சேற்றில் மீன் குஞ்சுகள் துள்ளுகின்றன. தண்ணீர் எங்கோ உள்ளே போய்விட்டது. தண்ணீர் உள்ளே போனால் திரும்பி வரும், வரும்போது பனை உயரத்துக்கு வரும் என்று இந்தக் கரையில் தெரியாதவர் யார்? ஸில்மியா செருப்பைக் கையில் எடுத்தாள்.

"கடல் வருது! ஓடுங்க! கடல் வருது!"

தெரு முழுக்க ஓடியது. ஸில்மியா வீட்டுக்குள் பாய்ந்து, நகைப்பெட்டி இருக்க, உறுதிப் பத்திரம் இருக்க, அடுப்படியில் அரைவேக்காட்டில் கொதித்துக்கொண்டிருந்த றைஸ் குக்கரைத் தூக்கிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் ஓடினாள். செங்கலடிச் சந்திவரை நிற்கவில்லை. அங்கே மரக்கறி விற்றுக்கொண்டிருந்த ஜெயராஜா அண்ணன் அந்தக் கூட்டத்தைப் பார்த்து, "எங்க எல்லாரும் சோத்தோட போறீங்க?" என்று கேட்டார். ஆற்றில் தண்ணீர் வற்றிய கதையைச் சொன்னார்கள். அவர் கத்தரிக்காயை நிறுத்துக்கொண்டே சொன்னார்: "வத்தாம? வயல் வட்டையெல்லாம் வெள்ளத்துல கெடக்குதெண்டு நேத்து முகத்துவாரத்த வெட்டிட்டாங்களே. ஆத்துத் தண்ணி கடலுக்குப் போகுது."

அவ்வளவுதான். மழை வெள்ளம் வடிய, முகத்துவாரத்தை அடைத்துக் கிடக்கும் மணல் திட்டை வெட்டிவிடுவது இங்கே வழக்கமாக நடக்கிற காரியம். ஆற்றில் தண்ணீர் குறைந்தால் முதலில் அதைத்தான் நினைக்க வேண்டும். ஸில்மியா நினைக்கவில்லை. கூட்டம் முழுக்கச் சிரித்தது. ஸாதியா சந்தி நடுவில் உட்கார்ந்து சிரித்தாள். சிரிக்காமல் நின்ற ஒரே ஆள் ஹமீட். அவர் கையில் றைஸ் குக்கரின் மூடி இருந்தது. வழியெல்லாம் ஒரு கேள்வியும் கேட்காமல் அதைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் ஓடி வந்திருந்தார். "மூடிய என்னத்துக்குத் தூக்கின நீங்க?" என்று வீட்டுக்கு வந்து ஸில்மியா எரிந்து விழுந்தாள். "நீ குக்கரத் தூக்கின. மூடி வேணுமே" என்றார்.

அன்றிலிருந்து அந்த வளவில் ஸில்மியாவின் சொல்லுக்கு மதிப்பில்லை. காஸ் மணக்குது என்றால் சிரிப்பு. பருப்பு கரியுது என்றால் சிரிப்பு. ஒருநாள் பருப்பு நிஜமாகவே கரிந்து சட்டியோடு போனது, அதற்கும் சிரித்தார்கள். அவள் ஆசைப்பட்டது பெரிதாக ஒன்றுமில்லை. ராத்தா ஸாதியா தன் வாயால், நாலு பேர் கேட்க, "ஸில்மியா சொன்ன சரி" என்று ஒரு தடவை சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அது மட்டும் நடந்தால் அடுத்த நாளே மௌத்தானாலும் பரவாயில்லை என்றுகூட நினைத்திருக்கிறாள்.

பிறகு ஒருநாள் ஒரு கெம்பஸ் பிள்ளை கொண்டுவந்த குறிப்புக் கட்டில் ஒரு பக்கம் வந்தது. அவதானம் வேறு, அனுமானம் வேறு என்று அதில் போட்டிருந்தது. கண்ணால் கண்டது அவதானம். அதிலிருந்து நாமாக முடிவுகட்டுவது அனுமானம். ஒரே அவதானத்துக்குப் பல காரணங்கள் இருக்கலாம், ஒவ்வொன்றாகச் சோதித்துக் கழித்த பிறகே வாயைத் திறக்க வேண்டும். ஸில்மியா நின்ற நிலையில் அதை வாசித்தாள். இயந்திரத்தில் கடதாசி முடிந்து கீக் கீக் என்று கத்தியதுகூடக் காதில் விழவில்லை. ஆற்றில் தண்ணீர் குறைந்தது அவதானம். கடல் வருகிறது என்றது அனுமானம். யா அல்லாஹ், இந்தப் பக்கத்தை அன்றைக்கு முதல்நாள் யாராவது கொப்பி எடுக்க வந்திருக்கக் கூடாதா? தனக்காக ஒரு பிரதி எடுத்து, இயந்திரத்துக்கு மேலே சுவரில் ஒட்டிக்கொண்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் நிலம் ஆடத் தொடங்கியது.

பின்னேரம், அஸர் தொழுகை முடிந்த நேரம். கண்ணாடி மேசையில் வைத்திருந்த பால் விடாத பிளேன்ரீயின் மேல் சின்னச் சின்ன வளையங்கள். பக்கத்தில் கிடந்த ஸ்டேப்ளர் மெல்ல மெல்ல ஓரத்துக்கு நகர்ந்து கீழே விழுந்தது. தும், தும், தும் என்று காலுக்கடியில் ஒரு அதிர்வு. கொஞ்ச நேரம் ஆடும், நிற்கும், மூச்சு வாங்குவதுபோல ஒரு இடைவெளி, மறுபடி ஆடும். ஸில்மியாவுக்கு வாய் வரை வந்துவிட்டது, "ஓடுங்க" என்ற வார்த்தை. சுவரில் ஒட்டியிருந்த பக்கத்தைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

காரணங்களை ஒவ்வொன்றாகக் கழித்தாள். முதலில் சந்தேகப்பட்டது இயந்திரத்தை. மின்வெட்டு வந்த அன்று இயந்திரம் செத்துக் கிடந்தது, பிளேன்ரீ ஆடியது. அது இல்லை. இரண்டாவது ரயில். ரயில் வரும்போது தேத்தண்ணீரை வைத்துப் பார்த்தாள். அது முன்கூட்டியே கூவிக்கொண்டு வந்து, தடதடவென்று ஒரே ஓட்டமாக ஆட்டிவிட்டுப் போனது. மூச்சு வாங்கவில்லை. அதுவும் இல்லை. அடுத்த ஒழுங்கையில் சீமெந்துக் கல் அரிகிற இடத்தில் பெரிய சத்தம் போடுவார்கள், ஆனால் அவர்கள் வெள்ளிக்கிழமை பூட்டு. வெள்ளிக்கிழமையும் ஆடியது. கடைசியில் தன் தலையில்தான் பிழையோ என்று பயந்து டிஸ்பென்சரிக்குப் போய் பிரஷர் பார்த்தாள். எல்லாம் சரி, குறைத்துச் சீனி போடுங்கள் என்றார்கள். ஸ்டேப்ளர் ஏன் நகர்கிறது என்று கேட்க நினைத்துக் கேட்காமல் வந்துவிட்டாள்.

இலங்கை புவித்தகட்டின் ஓரத்தில் இல்லை, ஓரத்தில் உள்ள நாடுகள்தான் அடிக்கடி ஆடும் என்று ஒரு பக்கம் சொன்னது. அது கொஞ்சம் ஆறுதல். நிரப்பிய தளர்ந்த மண் சின்ன அதிர்வையும் பெரிதாக்கிக் காட்டும் என்று இன்னொரு பக்கம் சொன்னது. அது ஆறுதலே இல்லை, வளவு முழுக்க நிரப்பிய மண். மூன்றாவது பக்கத்தில்தான் வழி இருந்தது. நடுக்கம் கிளம்பிய இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு நிலையம் போதாது, மூன்று இடங்களில் அளக்க வேண்டும், மூன்று வட்டம் கீறினால் மூன்றும் சந்திக்கும் புள்ளிதான் இடம். ஸில்மியா யோசித்தாள். மூன்று சகோதரி, மூன்று வீடு. வாப்பா மகள்களுக்கு வீடு கட்டினாரா, நிலநடுக்க நிலையம் கட்டினாரா?

அளக்கும் கருவியை அவளே செய்தாள். ஒரு வெள்ளைக் கடதாசி, அதன் மேல் ஒரு தட்டம், தட்டத்தில் விளிம்பு முட்ட மஞ்சள் தண்ணீர். நிலம் ஆடினால் தண்ணீர் சிந்தும், கடதாசியில் மஞ்சள் கறை பிடிக்கும். கறை பெரிதென்றால் நடுக்கம் பக்கத்தில். தன் வீட்டில் வைப்பது லேசு. மற்ற இரண்டையும் வைக்க ராத்தாவிடம் போக வேண்டும்.

"இது என்னகா?" என்றாள் ஸாதியா.

"ஈ வராம இருக்க, ராத்தா. மஞ்சத் தண்ணி."

"என்ட ஊட்ல ஈயா? எப்பகா கண்ட நீ, என்ட ஊட்ல ஈய?"

"இப்ப இல்ல. இனி வரப்போற ஈக்கு."

"வரப்போறதெல்லாம் ஒனக்குத்தானே முன்கூட்டியே தெரியும்!" என்று சபீனா உள்ளே இருந்து சொல்ல, இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். ஸில்மியா பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு வீட்டிலும் தட்டத்தை வைத்துவிட்டு வந்தாள். சிரிக்கட்டும், இன்னும் கொஞ்ச நாள்.

முதல்நாள் முடிவு பயங்கரமாக இருந்தது. சபீனா வீட்டுக் கடதாசி முழுக்க மஞ்சள். சபீனாவின் கட்டிலுக்கு அடியில்தான் பூமி பிளக்கப்போகிறது என்று ஓடிப்போய்ப் பார்த்தால், அவளுடைய பூனை வாயெல்லாம் மஞ்சளாக மதிலில் உட்கார்ந்திருந்தது. ஒரு தடவை செய்த சோதனை போதாது என்று குறிப்பில் சும்மாவா போட்டார்கள்? மறுபடி செய்தாள். மறுபடியும் செய்தாள். பூனைக்குத் தனியாகப் பால் வைத்தாள். இதற்கிடையில் கொடிக்கயிறு வேறு காணாமல் போய், நனைந்த உடுப்பையெல்லாம் மதிலில் போட வேண்டியிருந்தது. காகம்தான் கொண்டுபோயிருக்கும் என்று ஹமீட் சொன்னார். அவ்வளவு நீளக் கயிற்றையா என்று அவள் கேட்கவில்லை. அவள் முழு மூளையும் பூமிக்கடியில் இருந்தது.

கடைசியில் வளவின் படத்தை ஒரு பழுதான கடதாசியின் பின்பக்கம் கீறி, கடைக் கவராயத்தால் மூன்று வட்டம் போட்டாள். மூன்றும் ஒரே இடத்தில் வந்து முட்டின. இன்ஷிராவுக்குக் கட்டுகிற வீட்டின் பின்னறை, குசினிக்கு விட்ட இடம்.  எரிமலை பற்றியும் ஒரு பக்கம் அவள் வாசித்திருந்தாள். கலியாணத்துக்குக் கட்டுகிற வீட்டின் குசினிக்கடியில் ஏதாவது ஒன்று கொதிக்கிறதென்றால்!

உடனே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "நாளைக்கு அஸருக்குப் பிறகு ரெண்டு பேரும் விறாந்தைல இருங்க. ஒண்டு காட்டணும்" என்று மட்டும் சகோதரிகளிடம் சொல்லிவைத்தாள். அடுத்த நாள் அவர்கள் தேத்தண்ணீரோடு தயாராக உட்கார்ந்திருக்க, தான் முதலில் ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடுவது என்று பின்பக்கத்தால் போனாள். அனுமானம் போதும், இனி அவதானம்.

தும், தும், தும். பலகை சாத்திய கதவுக்கு அப்பால்தான். தண்ணீர்க் குழாய் சுவரைப் பார்க்காமல் மணலில் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஸில்மியா பலகையை விலக்கினாள்.

ஹமீட் குதித்துக்கொண்டிருந்தார். சாரத்தை மடித்துக் கட்டி, பெனியன் வியர்வையில் ஒட்டிக்கொள்ள, இரண்டு கையிலும் கயிற்றைப் பிடித்து, பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகள் விளையாடுவதுபோலக் கயிறடித்துக்கொண்டிருந்தார். கயிறு ஒவ்வொரு சுற்றுக்கும் வயிற்றில் முட்டித் திரும்பியது. எண்ணிக்கொண்டே குதித்தார், எண்ணிக்கை பிழைத்தால் முதலிலிருந்து தொடங்கினார். அவளைக் கண்டதும் காற்றிலேயே நிற்கப் பார்த்து முடியாமல் தொம்மென்று இறங்கினார். சுவரிலிருந்து கொஞ்சம் சீமெந்து உதிர்ந்தது.

"இஞ்ச என்ன செய்றீங்க?"

"செவருக்குத் தண்ணி..."

"அது என்ட கொடிக்கயிறு."

ஹமீட் கயிற்றைப் பார்த்தார். காகத்தின் மேல் பழிபோட இனி வழியில்லை. மூச்சு அடங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"டொக்டர் சீனி வருத்தம் வரப்போகுதெண்டு சொன்னாரு, புள்ள. வயித்தக் குறைக்கச் சொன்னாரு. றோட்டால நடந்தா எங்க போறீங்க எங்க போறீங்கண்டு எல்லாரும் கேக்காங்க. இஞ்ச குதிச்சா ஒரு ஆளுக்கும் தெரியாதெண்டு நெனச்சன்."

"தெரியாதா? மூணு ஊட்லயும் தட்டத்துத் தண்ணி ஊத்துண்டுது!"

அவர் முகம் வெளிறியது. "ஸாதியா மச்சிக்கும் தெரியுமா? சொல்லிராத புள்ள. போன பெருநாளுக்கு, மச்சான் ஒராள் வந்தா ரெண்டு பேருக்குச் சோறாக்கணுமெண்டு சொன்னாங்களே, நான் சிரிச்சன்தான். ஒனக்கு ஒரு பேர் வெச்சிட்டாங்க. எனக்கு வைக்க எவ்வளவு நேரமாகும்?"

ஸில்மியாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது, அடக்க முடியாத சிரிப்பு. பாதியில் அது நின்றுவிட்டது. இவ்வளவு பேசி அவர் அவளிடம் ஒன்றைக் கேட்டதே இல்லை. அந்த வளவில் மதில் முதல் மாமரம் வரை எல்லாம் பெண்களுடையது. அவருக்கென்று மறைந்து நின்று குதிக்கக்கூட இன்னொருத்தியின் மகளுக்குக் கட்டும் வீடுதான் கிடைத்திருக்கிறது. அந்த மனிதர் செங்கலடிவரை மூடியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்ததை நினைத்தாள். 

விறாந்தையில் ராத்தாவும் சபீனாவும் காத்துக்கொண்டிருந்தார்கள். கடதாசி அவள் கையில் இருந்தது. மூன்று வட்டம், ஒரு புள்ளி, பூனையைத் தவிர ஒரு பிழையும் இல்லாத கண்டுபிடிப்பு. வாயைத் திறந்து சொன்னால் போதும். ராத்தாவைப் பின்னறைவரை கூட்டிக்கொண்டுபோனால் போதும். அந்த ஒரு வாக்கியம் அவளுக்குக் கிடைத்துவிடும்.

"என்னகா காட்டப்போற?" என்றாள் ஸாதியா.

"ஒண்டுமில்ல ராத்தா. பூமி ஆடுதெண்டு நெனச்சிட்டன். பிழையா நெனச்சிட்டன். ரயில்தான்."

சபீனாவுக்குத் தேத்தண்ணீர் மூக்கில் ஏறிவிட்டது. ஸாதியா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சுனாமி பழசாயிட்டு! இனி பூமியதிர்ச்சி ஸில்மியா!" என்றாள். ஸில்மியா கடதாசியை நாலாக மடித்துக் கசக்கிவிட்டு, கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள். வலித்தது, நன்றாகவே வலித்தது. கண்ட முடிவை மறைப்பது விஞ்ஞானத்தில் பெரிய குற்றம் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் கொப்பி எடுத்த எந்தப் பக்கத்திலும் புருசனைப் பற்றி ஒன்றும் போட்டிருக்கவில்லை.

அடுத்த நாளிலிருந்து அஸருக்குப் பிறகு கடைக்குப் பூட்டு. சுவருக்குத் தண்ணீர் விட இப்போது இரண்டு பேர். டிஸ்பென்சரியில் அவளுக்கும்தானே சீனியைக் குறைக்கச் சொன்னார்கள். ஒரே கயிற்றில் இருவரும் முகம் பார்த்து நின்று குதிக்கப் பழகினார்கள். கயிறு தட்டினால் யார் பிழை என்று சண்டை. ஹமீட் நாலு வார்த்தைக்கு மேல் பேசத் தொடங்கியது அந்தக் கூரையில்லாத அறையில்தான். கலியாணம் முடித்த காலத்தில்கூட ஸில்மியா அவரோடு இவ்வளவு சிரித்ததில்லை. "அவங்க ரெண்டு பேரும் என்ட மகள்ட ஊட்டுக்கு எவ்வளவு பாடுபடுறாங்க" என்று ஸாதியா தெருவெல்லாம் புகழ்ந்தாள்.

ஒரு காரியத்தை மட்டும் இருவரும் யோசிக்கவில்லை. ஒருவர் குதித்த இடத்தில் இருவர் குதித்தால் நிலம் என்னவாகும்? இன்னொன்றும் இருந்தது. ஸாதியா அந்த மஞ்சள் தண்ணீர்த் தட்டத்தை எடுக்கவே இல்லை. வைத்த நாளிலிருந்து ஒரு ஈ கூட வரவில்லை என்று அதைத் தினமும் விளிம்பு முட்ட நிரப்பிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு இருவருக்கும் நல்ல உற்சாகம். தும், தும், தும். திடீரென்று வளவின் மறுபக்கத்திலிருந்து ஒரு அலறல்.

"பூமி ஆடுது! யா அல்லாஹ்! ஓடுங்க! எல்லாரும் ஓடுங்க!"

கயிற்றைப் போட்டுவிட்டு வெளியே ஓடி வந்தார்கள். ஸாதியா வாசலில் நின்றாள். முந்தானையெல்லாம் மஞ்சள். இரண்டு கையாலும் தன் பெரிய றைஸ் குக்கரை அணைத்துப் பிடித்திருந்தாள், வயர் நிலத்தில் இழுபட்டது. தெருச்சனம் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தது. வேர்த்து விறுவிறுத்து மூச்சிரைக்க வந்த ஸில்மியாவையும் ஹமீட்டையும் கண்டதும் ஸாதியாவுக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது.

"பாருங்க, இவங்களும் பயந்து ஓடி வாறாங்க!" என்று தெருவைப் பார்த்துக் கத்தினாள். "ஸில்மியா சொன்ன சரி! அவ அப்பவே சொன்னவ! நான்தான் கேக்கல்ல! ஸில்மியா சொன்ன சரி!"

இத்தனை வருடமாகக் காத்திருந்த வாக்கியம். நாலு பேர் அல்ல, தெரு முழுக்கக் கேட்டது. ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. அதுவும் முழுக்க முழுக்கப் பிழையான ஒரு காரியத்துக்கு. ஸில்மியா உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள். பக்கத்தில் ஹமீட் மடித்துக் கட்டிய சாரத்தை அவசரமாக அவிழ்த்துவிட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

ஸாதியா குக்கரோடு செங்கலடிப் பக்கம் ஓடத் தொடங்கியிருந்தாள். ஸில்மியா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ராத்தாவின் குசினிக்குள் போய், மேசையில் கிடந்த மூடியை எடுத்துக்கொண்டு, அவள் பின்னால் ஓடினாள்.